இந்த அறையில் யாரும் சாகக் கூடாது

இந்த வருஷத்து அனிமேக்களில் எது சிறந்தது என்ற பேச்சை எங்கள் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் யாரும் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் அன்றைக்கு என் வேலை கெட்டது. கண்ணாடிக் கடைக்காரர், மேகம் மேய்க்கும் பெண்ணின் கதையை விட்டால் வேறு படமே இல்லை என்பார். ஓய்வு பெற்ற தபால்காரர், "போங்க சார், நாலு பொண்ணுங்க ஓட்டைப் படகைச் சரி பண்ற கதை எங்க, உங்க மேகம் எங்க" என்று எகிறுவார். பல்லில் கம்பி போட்ட கல்லூரிப் பெண் இருவரையும் பார்த்துக் கம்பி தெரியச் சிரிப்பாள். நான் பேனாவால் மேசையைத் தட்டி அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்ணைத் தவிர மற்ற யாரும் இந்தத் தொடர்களில் ஒரு காட்சியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, காதால் கேட்டது.

கதை சொன்னவர், உள்ளே டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கும் அக்கா. வருகிறவர்களுக்கு அவர் சிஸ்டர், எங்களுக்கு அக்கா. நான் வெளியே மேசையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவள். எனக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் கதவு சரியாகச் சாத்தாது. ஆகவே நான் கேட்கவே விரும்பாத கதைகளையெல்லாம் இந்த வருஷம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பொம்மைப் படம் பிடிக்காது. வாய் அசைவதற்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லாமல், தலைமுடி நீலத்திலும் பச்சையிலும் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்த மனுஷி அழுவாள் என்றால் என்னத்தைச் சொல்ல? "பொம்மைப் படம் இல்ல, அனிமே" என்று அக்கா திருத்துவார். நானும் மறுபடி பொம்மைப் படம் என்றுதான் சொல்வேன்.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் அவர் வீட்டுக்காரர். மனிதர் வீட்டுக்கு வந்ததும் டிவியில் செய்தி விவாதத்தைப் போடுவார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, மகள் காட்டிக்கொடுத்த தொடர்களைச் செல்போனில் பார்ப்பார். கீழே ஓடும் எழுத்துகளைப் படித்தபடியே வெண்டைக்காய் நறுக்குவார். ஒரு விரல்கூட வெட்டுப்பட்டதில்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் டாக்டரம்மாதான். பல் நாற்காலியில் படுத்தவர்களுக்குப் பயத்தில் கை காலெல்லாம் விறைத்துக்கொள்ளும். "எதையாவது பேச்சுக் கொடுங்கக்கா, அவங்க கவனம் திரும்பட்டும்" என்றார். அக்காவும் முதலில் எல்லா இடத்திலும் கேட்பதைப் போலவே, "உங்களுக்கு எத்தனை பசங்க? என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். வாயில் கண்ணாடி, பஞ்சு, குழாய் எல்லாம் இருக்கும் மனிதன் என்ன பதில் சொல்வான்? "ஆ... ஆ..." என்பான். "ரெண்டா?" என்று இவர் கேட்பார். அவன் இல்லை என்று தலையாட்டினால் டாக்டரம்மா, "தலையை ஆட்டாதீங்க!" என்று அதட்டுவார். கேள்வி கேட்டால்தானே இந்த வம்பு என்று யோசித்த அக்கா, ஒரு நாள் தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "ஒரு ஊர்ல மேகத்தை ஆடு மாதிரி மேய்க்கிற பொண்ணு ஒருத்தி இருந்தாங்க" என்று தொடங்கியதும், படுத்திருந்த கண்ணாடிக் கடைக்காரரின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியை விட்டன. இதை டாக்டரம்மாவே பிறகு என்னிடம் சொன்னார்.

சீக்கிரமே அதற்கு ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. பல் அடைக்க வந்தால் ஒரு முழுப் படம். வேர் சிகிச்சைக்குப் பல தடவை வர வேண்டும் என்பதால் தொடர். சுத்தம் செய்ய வந்தவர்களுக்குத் திருப்பம் ஏதும் இல்லாத படகுக் கதை, ஏனென்றால் ஆச்சரியத்தில் வாயை மூடினால் ஈறில் குத்திவிடும். கம்பி போட்டவர்களுக்கு முடிவே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடும் கடற்பயணம். பல் பிடுங்க வந்தவர்களுக்குக் கதைக்கு நேரமில்லை, தொடக்கப் பாட்டை மட்டும் முணுமுணுப்பார். அந்தப் பாட்டின் மொழியில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது. பாடும்போது அது ஒரு குறையாகவே தெரியாது.

பல் பிரச்சினையே இல்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். தபால்காரருக்குப் பல் சிகிச்சை முடிந்து மாசங்கள் ஆகின்றன. இன்னும் "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்மா" என்று வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வங்கி மேலாளர் வரும் வரை.

எங்கள் டாக்டரம்மா நாற்காலியில் படுக்கும் ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்வது, "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்பதுதான். தூக்கினால் டிரில் நிற்கும். தேவைப்பட்டால் மரத்துப்போக இன்னும் ஒரு ஊசி. அன்றைக்கு அக்கா சொன்ன தொடரில், கோட்டைக் கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டுவிட்டு, தம்பியை மட்டும் தப்பிக்க விட்டு, அண்ணன்காரன் தனியாகச் சண்டை போட்டுச் சாகிறான். மேலாளரின் இடது கை எழுந்தது. டாக்டரம்மா ஊசி போட்டார். தம்பி கதவைத் தட்டித் தட்டி அழுகிறான். கை மறுபடி எழுந்தது. மறுபடி ஊசி. பாதி முகம் மரத்துப்போய் வெளியே வந்த மேலாளர், நேராகத் தன் அலுவலகத்தில் ஒருவருக்கு நடந்த பிரிவுபசார விழாவுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். வார்த்தை வரவில்லை, உதடு கோணிக்கொண்டது, கண்ணில் வேறு நீர். துக்கத்தில் நா தழுதழுக்கிறது என்று நினைத்து மொத்த வங்கியும் எழுந்து நின்று கைதட்டியதாம். அவர் வாழ்நாளிலேயே பேசிய சிறந்த பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

டாக்டரம்மாவுக்கு இது சிரிப்பாக இல்லை. வலிக்காதவருக்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, கதை சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இனிமே இந்த ரூம்ல யாரும் சாகக் கூடாது."

"அனிமேல எப்படி டாக்டர் சாகாம இருப்பாங்க?"

"அது உங்க பாடு."

அக்கா தன் பாட்டைப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கதையில் சாகிறவர்களுக்கெல்லாம் மாற்றல் வந்தது. கோட்டைக் கதவைத் தாழ் போட்ட அண்ணன் வடக்கே ஒரு கோட்டைக்கு மாற்றலாகிப் போனான். அரக்கன் எரித்த கிராமத்து ஜனங்கள், தண்ணீர்ப் பிரச்சினையால் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். நோயில் இறக்கும் பெண், மேல்படிப்புக்குப் போனாள். வில்லன்களுக்குக் கட்டாய ஓய்வு. கம்பி போட்ட பெண்ணைத் தவிர, கேட்டவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. "அந்த நாட்டுல அடிக்கடி மாத்திக்கிட்டே இருப்பாங்க போல, பாவம்" என்று தபால்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்கும் வேலையில் இருந்தபோது நிறைய மாற்றல் வந்திருக்கிறது.

இப்படியிருக்கும்போதுதான் பஸ் டிரைவர் வந்தார்.

மலைப்பாதையில் பெரிய பஸ் ஓட்டுகிறவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்த மனிதருக்கு, எங்கள் நாற்காலியைக் கண்டாலே பயம். முதல் நாள், கழுத்தில் கட்டிய காகித விரிப்போடு எழுந்து தெருவில் ஓடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "இது உங்களோடது" என்று விரிப்பைக் கழற்றி என் மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அக்கா வெளியே வந்தார்.

"அண்ணா, ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். அப்புறம் வலிக்கவே வலிக்காது. நான் ஒரு கதை சொல்றேன், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க, முடிஞ்சிடும்."

"என்ன கதை?"

"ஒரு தீவு. தினமும் சாயங்காலமானா மூடுபனி வரும். அதுல மாட்டுனவங்க யாரும் வீட்டுக்கு வந்ததில்ல."

டிரைவருக்கு மூடுபனி என்றால் தெரியும். உள்ளே வந்து படுத்தார்.

அந்தத் தொடர்தான் இந்த வருஷத்தில் அக்காவுக்கே ரொம்பப் பிடித்தது. அந்தத் தீவில் விளக்கேந்திக் காவல் காக்கப் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஒற்றைக் கை வாத்தியார் ஒருவர். எந்நேரமும் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருப்பார், யாருக்கும் தரமாட்டார். வாயைத் திறந்தால் திட்டுதான். ஆனால் சாயங்காலம் வாசல் கதவைச் சாத்தும் முன் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தலையைத் தொட்டு எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் கதவைச் சாத்தமாட்டார். டிரைவருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. "எங்க டிப்போ மேனேஜரும் இப்படித்தாங்க, திட்டுவாரு, ஆனா கடைசி வண்டி வர்ற வரைக்கும் வீட்டுக்குப் போகமாட்டாரு" என்று வாய் கொப்பளிக்கும்போது சொன்னார். வீக்கம் வடிந்தது. மூன்றாம் தடவை வரும்போது என்னிடம் வணக்கம்கூடச் சொன்னார்.

அந்த மூன்றாம் தடவைதான் வாத்தியாருக்கு மாற்றல் வந்தது.

"பக்கத்துத் தீவுக்குப் போயிட்டாருண்ணா" என்று அக்கா சொல்வது வெளியே கேட்டது.

குழாயை எடுத்ததும் டிரைவரின் முதல் கேள்வி, "திரும்பி வருவாரா சிஸ்டர்?"

அக்கா, "வருவாரு, வருவாரு" என்றார்.

இனி ஒரே ஒரு தடவை வந்தால் போதும். வேரை நிரந்தரமாக அடைத்து, பல்லைச் செதுக்கி, மேலே போடும் கேப்புக்கு அளவெடுக்க வேண்டும். அதுவரை தற்காலிக அடைப்புதான். அதை அப்படியே விட்டால் மறுபடி சீழ் பிடிக்கும், அப்புறம் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று டாக்டரம்மா அவரிடம் இரண்டு முறை அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

அந்த நாள் வந்தது. டிரைவரும் வந்தார். உட்காரவில்லை. முகத்தைப் பார்த்ததுமே எனக்குச் சரியில்லை என்று பட்டது.

"சிஸ்டரைக் கூப்பிடுங்க."

அக்கா கையுறையோடு வந்தார். பின்னாலேயே டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்தார். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"பொறுக்க முடியாம எம்பொண்ணுகிட்டச் சொல்லி அந்தத் தொடரை டிவில போடச் சொன்னேன்" என்றார் டிரைவர். "வாத்தியாருக்கு மாத்தல்னீங்க. திரும்பி வருவாருன்னீங்க. விளக்கை எடுத்துக்கிட்டுப் பனிக்குள்ள போறாரு, அதோட ஆளைக் காணோம். நான் பயந்துபோய் டிவியை நிறுத்திட்டேன். எம்பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிக்குது. என்ன சிஸ்டர் இது?"

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டு, "அது நான் போட்ட சட்டம்ங்க. நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்" என்றார்.

"கதையிலயே பொய் சொல்றவங்க, வலிக்காதுன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?" டிரைவர் கேட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. "சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா செத்துட்டாரு. எங்கிட்ட யாரும் சொல்லல. வெளியூர் போயிருக்காருன்னாங்க. நான் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல போய் நிப்பேன். கடைசி பஸ் போன அப்புறம்தான் வீட்டுக்கு வருவேன். ரொம்ப நாள் நின்னேங்க."

இந்த மனிதர் இப்படியே போய்விட்டால் பல் போய்விடும், இனி எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்கமாட்டார் என்பது அங்கே எல்லோருக்குமே புரிந்தது. அவர் ஏற்கனவே வாசல் பக்கம் திரும்பியிருந்தார்.

"பொய்தான் சொன்னேன்" என்றார் அக்கா. "எறும்பு கடிச்ச மாதிரின்னு சொன்னதும் பொய்தான்."

டிரைவர் நின்றார். "அது எறும்பு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எறும்பு இல்லண்ணா. நல்லா சுருக்குனு ஏறும். இன்னைக்கும் ஒரு ஊசி இருக்கு, அது வலிக்கும். அதுக்கப்புறம் வலிக்காது. அது மட்டும் நிஜம். நான் வேணும்னா எங்க வீட்டுக்காரர் மேல சத்தியம் பண்றேன்."

"அவர் மேல எதுக்கு? உங்க மேல பண்ணுங்க."

"சரி, எம்மேலயே."

டிரைவர் யோசித்தார். நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது கன்னத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "அப்போ கதையையும் நிஜமாச் சொல்லணும். நடந்தது நடந்தபடி."

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தார். சட்டம் போட்டவர் அவர்தானே. டாக்டரம்மா முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.

எனக்கு உள்ளே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கேப் நிறம் பார்க்கும் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன். ஊசி ஏறும்போது டிரைவர் கண்ணை இறுக மூடி, "ம்ம்ம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து, சொன்னது சரிதான் என்பதாகத் தலையாட்டினார். டிரில் ஓட ஆரம்பித்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் வாத்தியார் எண்ணுறாருண்ணா. ஒரு தலை குறையுது. இருக்கறதுலயே சின்னப் பொண்ணு. வெளியில பனி வந்தாச்சு. வாத்தியார் சட்டைப்பையில இருந்து மிட்டாயை எடுத்து மூத்தவன் கையில குடுக்கறாரு. யாருக்கும் குடுக்காதவரு. 'வந்து சாப்பிடறேன், நீ தின்னுடாதடா'ன்னு திட்டிட்டு, விளக்கைத் தூக்கிக்கிட்டுப் போறாரு."

அக்கா மூச்சு எடுத்துக்கொண்டார். குழாய் அவர் கையில் ஆடாமல் இருந்தது.

"அந்தப் பொண்ணு திரும்பி வந்துடுச்சு. விளக்கும் அது கையிலதான் இருந்துச்சு. வாத்தியார் வரல. விடியற வரைக்கும் கதவைச் சாத்தாம உக்காந்திருந்தாங்க. மூத்தவன் கையில மிட்டாய் உருகிப்போச்சு. சின்னப் பிள்ளைங்க கேக்கறாங்க, சார் எங்கன்னு. அவன் வெளியூர் போயிருக்காருன்னு சொல்லலண்ணா. எல்லாரையும் பக்கத்துல உக்கார வெச்சு, சார் செத்துட்டாருடான்னான். அப்புறம் எழுந்து போய், அவரை மாதிரியே ஒவ்வொரு தலையா எண்ணிட்டு, கதவைச் சாத்துனான்."

டிரைவரின் இடது கை மெல்ல எழுந்தது.

டாக்டரம்மா சட்டென்று டிரில்லை வெளியே எடுத்து, ஊசித் தட்டின் பக்கம் கையை நீட்டினார்.

"வேண்டாம் டாக்டர்" என்றார் அக்கா. "அது பல்லு இல்ல."

டாக்டரம்மா கையை இழுத்துக்கொண்டார். டிரில்லை அதன் இடத்தில் மாட்டினார். அக்கா குழாயை நிறுத்தினார். உயர்ந்த கை உயர்ந்தபடியே இருந்தது. அது தானாக இறங்கும் வரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. நான் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பொம்மைப் படத்துக்குப் போய் இப்படியா என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் வெளியே வந்தபோது, அப்போதுதான் வந்திருந்த தபால்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, மெஷின் சத்தத்தையே காணோம்? கரண்ட் போச்சா?"

"இல்லைங்க, ஒருத்தர் செத்துட்டாரு."

"ஐயையோ! யாரு?"

"ஒத்தைக் கை வாத்தியார்."

"அவரு பக்கத்துத் தீவுக்கு மாத்தலாகித்தானேம்மா போனாரு?"

"இல்லைங்க. அப்படி யாரும் போகல."

தபால்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இந்த வருஷம் முழுக்கக் கதையில் மாற்றலாகிப் போன ஒவ்வொருவராக அவருக்கு ஞாபகம் வருவதை என்னால் பார்க்க முடிந்தது.

"அப்போ, அந்தக் கோட்டைக் கதவைச் சாத்துன அண்ணன்?"

"அவனும்தாங்க."

"மேல்படிப்புக்குப் போன பொண்ணு?"

நான் மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன்.